விண்டோஸ் 11-க்கு மாறியதும் டிஸ்ப்ளே குளறுபடி: கிராபிக்ஸ் கார்டைக் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. சிவகாசியில் அக்டோபர் என்றால் காலண்டர் வேலை உச்சத்தில் இருக்கும் மாதம். ஆடிப்பெருக்குக்கு காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியானதிலிருந்து டிசம்பர் கடைசி வரை டிசைன் அறைகளில் கம்ப்யூட்டருக்கு ஓய்வே கிடையாது. அந்த நேரம் பார்த்துத் திரையில் 'இனி அப்டேட் வராது' என்ற அறிவிப்பு வர, பலரும் ராத்திரியோடு ராத்திரியாக விண்டோஸ் 11 ஏற்றிவிட்டார்கள். மறுநாள் காலையிலிருந்து எனக்கு வந்த போன்கள் பெரும்பாலும் ஒரே ரகம். எழுத்தெல்லாம் பெரிதாகிவிட்டது, படத்தில் முகம் அகலமாகத் தெரிகிறது, இரண்டாவது மானிட்டர் வரவில்லை, கோரல்டிரா டிசைன் மென்பொருளில் பக்கத்தை நகர்த்தினால் இழுத்து இழுத்து வருகிறது. சிலருக்கு லாகின் ஆனதும் திரையே கறுப்பு.

அச்சகங்களுக்கும் டிசைன் அறைகளுக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பதுதான் என் தொழில். இந்த மாதிரி நேரத்தில் பெரும்பாலானோர் மூன்றில் ஒன்றைச் செய்கிறார்கள்: ஃபார்மட் அடிக்கிறார்கள், 'எல்லா டிரைவரையும் தானே போட்டுத் தரும்' என்று விளம்பரம் செய்யும் ஏதோ ஒரு சாப்ட்வேரை இறக்குகிறார்கள், அல்லது கார்டு போய்விட்டது என்று புதிதாக ஒன்று வாங்குகிறார்கள். மூன்றுமே வேண்டாம். ஓஎஸ் மாற்றிய மறுநாளே கார்டு உண்மையில் செத்துப்போவது அபூர்வம். எந்தக் கார்டு, அதை இப்போது எந்த டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) ஓட்டுகிறது என்ற இரண்டையும் முதலில் தெரிந்துகொண்டால், மிச்ச வேலை தானாக நேராகிவிடும். அதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் டவுன்லோடு செய்யாதீர்கள் என்பதைத்தான் நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

டிரைவர் பிரச்சினைதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். விண்டோஸ் வருவதற்கு முன் மதர்போர்டு கம்பெனியின் லோகோ வரும் இல்லையா, அந்தத் திரையைக் கவனியுங்கள். டெலீட் கீயை அழுத்தி மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் ஒரு நிமிடம் அப்படியே விட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது. அங்கேயே கோடு, புள்ளி, கலர் கலரான கட்டம் தெரிந்தால் டிரைவர் மேல் பழியில்லை. அந்த நேரத்தில் விண்டோஸ் டிரைவர் இன்னும் ஏறவே இல்லை. கேபிள், மானிட்டர், கார்டு மூன்றில் ஒன்று. பயாஸ் சுத்தமாக வந்து, விண்டோஸுக்குள் போன பிறகு மட்டும் கோளாறு என்றால் டிரைவர் பக்கம் வாருங்கள்.

அடுத்தது கேபிள். கேபினெட்டின் பின்னால் இரண்டு இடத்தில் மானிட்டர் மாட்டும் போர்ட் இருக்கும். மேலே, யுஎஸ்பி, ஆடியோ போர்ட்டுகளோடு சேர்ந்து இருப்பது மதர்போர்டுடையது. அதற்குக் கீழே தனியாகப் படுக்கை வாட்டில் இருப்பது கிராபிக்ஸ் கார்டுடையது. மேசையைத் துடைக்கும்போதோ இடம் மாற்றும்போதோ கழற்றிய கேபிள் மாறி மேலே போய்ச் சேர்ந்துவிடும். கார்டு நன்றாகத்தான் இருக்கும், மானிட்டர் அதில் மாட்டியிருக்காது. அவ்வளவுதான்.

திரை திடீரென்று கறுத்துப் போனால், விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஷிப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு பி-யை அழுத்துங்கள். சின்னதாக ஒரு பீப் சத்தம் கேட்டுத் திரை ஒரு வினாடி மினுக்கும். விண்டோஸ் கிராபிக்ஸ் டிரைவரை மட்டும் மறுபடி கிளப்பும் வழி இது. திறந்து வைத்த ஃபைல் எதுவும் மூடாது. இதில் திரை திரும்பி வந்தால் டிரைவர்தான் தடுமாறுகிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. 'ஷட்டவுன்' செய்து மறுபடி போடுவதும் 'ரீஸ்டார்ட்' செய்வதும் ஒன்றில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆனில் இருந்தால், ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் தன் உட்பகுதியை டிரைவர்களோடு சேர்த்து ஹார்டு டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் அதையே எடுத்து ஓட்டும். நேற்றைய கோளாறும் கூடவே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து ஏறும். இந்த வேலை முழுவதிலும் ரீஸ்டார்ட்டையே பயன்படுத்துங்கள்.

கார்டை ஓட்டுவது எந்த டிரைவர்?

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்பதை விரியுங்கள். அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் அடுத்த வேலை.

'மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால், உங்கள் கார்டுக்கு உரிய டிரைவர் ஏறவில்லை. விண்டோஸ் தன்னிடம் உள்ள பொது டிரைவரை வைத்து ஓட்டுகிறது. இது காரில் இருக்கும் ஸ்டெப்னி மாதிரி. மெக்கானிக் கடை வரை போய்ச் சேரலாம், ஊருக்குப் போக முடியாது. ரெசல்யூஷனை மாற்ற முடியாது, இரண்டாவது மானிட்டர் வராது, கார்டின் வேகம் எதுவும் கிடைக்காது. போட்டோஷாப்பில் 'யூஸ் கிராபிக்ஸ் பிராசஸர்' என்ற டிக் மங்கிப் போயிருப்பதும் இதனால்தான்.

கார்டின் பெயர் சரியாக இருந்து, மேலே மஞ்சள் முக்கோணம் இருந்தால், அதை டபுள் கிளிக் செய்து 'டிவைஸ் ஸ்டேட்டஸ்' பெட்டியில் உள்ள எரர் கோடு, அதாவது பிழை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 28 என்றால் டிரைவரே இல்லை. 31 என்றால் இருக்கும் டிரைவர் ஏறவில்லை. 39 என்றால் டிரைவர் ஃபைல் கெட்டுவிட்டது அல்லது தடுக்கப்பட்டது. 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையெழுத்தை விண்டோஸ் ஏற்கவில்லை. 43 கொஞ்சம் சிக்கலானது, அதைத் தனியாகச் சொல்கிறேன்.

பெயரும் சரி, முக்கோணமும் இல்லை, ஆனால் வேலை சரியில்லை என்றால் 'டிரைவர்' டேப்பில் தேதியைப் பாருங்கள். நீங்கள் போட்ட டிரைவரின் தேதியா, வேறு ஏதாவதா? விண்டோஸ் அப்டேட் தன் கிடங்கிலிருந்து வேறொரு பதிப்பை எடுத்து மேலே போட்டிருக்க வாய்ப்பு உண்டு. ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்களுக்கு இது சுலபமாகத் தெரியும்: ரேடியான் சாப்ட்வேரைத் திறந்தால், விண்டோஸ் அப்டேட் டிரைவரை மாற்றியிருக்கலாம் என்று அதுவே எழுதிக் காட்டிவிட்டுத் திறக்க மறுக்கும்.

அடாப்டரின் பெயரைக்கூட நம்பாமல் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதே ப்ராப்பர்ட்டீஸ் பெட்டியில் 'டீடெய்ல்ஸ்' டேப்புக்குப் போய், மேலே உள்ள பட்டியலில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதல் வரியில் இரண்டு எண்கள் முக்கியம். வென் என்பதற்குப் பின்னால் வருவது சிப்பைச் செய்த கம்பெனி: 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி, 8086 என்றால் இன்டெல். டெவ் என்பதற்குப் பின்னால் வரும் நான்கு எழுத்து, எந்தச் சிப் என்பதைச் சொல்லும். டப்பாவில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி, விண்டோஸ் என்ன பெயர் காட்டினாலும் சரி, இந்த நான்கு எழுத்தை வைத்துத்தான் டிரைவர் இன்ஸ்டாலர் ஆளை அடையாளம் காண்கிறது.

ஜிடி 730 வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்

எங்கள் ஊர் டிசைன் அறைகளில் அதிகம் இருக்கும் கார்டு என்விடியா ஜிடி 730. 2014-இல் வந்தது, விலை குறைவு, தனியாக பவர் கேபிள் வேண்டாம். புதிய மதர்போர்டு வாங்கியபோதும் பழைய கேபினெட்டிலிருந்து இதைக் கழற்றி மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். அதனால் எட்டாம் தலைமுறை ஐ5, விண்டோஸ் 11-க்குத் தகுதியான போர்டு, அதில் பத்து வருடத்துப் பழைய கார்டு என்ற கூட்டணி சர்வசாதாரணம்.

காலண்டர் டிசைன் செய்யும் ஓர் அண்ணாச்சி போன் செய்தார். "தம்பி, என்விடியா சைட்டுக்குப் போய் இருக்கிறதிலேயே புதுசு எதுவோ அதை இறக்கிட்டேன். போட்டா, கார்டே இல்லைங்குது. நேத்து வரைக்கும் ஓடின கார்டு!" அவர் படித்துக் காட்டிய செய்தி, பொருத்தமான கிராபிக்ஸ் ஹார்டுவேர் கிடைக்கவில்லை, இன்ஸ்டாலர் மேற்கொண்டு போக முடியாது என்பது. இதைப் பார்த்ததும் யாருக்கும் கார்டு போய்விட்டது என்றுதான் தோன்றும். உண்மையில் இன்ஸ்டாலர் சொல்வது, 'என் பட்டியலில் இந்தச் சிப் இல்லை' என்பது மட்டுமே. புதிய டிரைவர்களின் பட்டியலிலிருந்து பழைய சிப்புகளை நீக்கிக்கொண்டே வருவார்கள். இருப்பதிலேயே புதியது என்பது உங்கள் கார்டுக்குப் பொருந்தாத ஒன்றாகவே இருக்கலாம்.

ஜிடி 730-இல் இன்னொரு சிக்கல் உண்டு. அந்தப் பெயரில் இரண்டு வெவ்வேறு தலைமுறைச் சிப்புகள் விற்பனையாயின. ஒன்று கெப்ளர், 64 பிட் மெமரிப் பாதை, 384 கோர். இன்னொன்று அதற்கும் பழைய ஃபெர்மி, 128 பிட், 96 கோர். கடையில் கேட்டால் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். ஹார்டுவேர் ஐடியில் 1287 என்று இருந்தால் கெப்ளர், 0எஃப்02 என்று இருந்தால் ஃபெர்மி. ஜிபியு-இசட் என்ற இலவசக் கருவியில் பார்த்தால் சிப் பெயராக ஜிகே208 அல்லது ஜிஎஃப்108 என்று வரும். முதலாவது கெப்ளர், இரண்டாவது ஃபெர்மி.

கெப்ளருக்கு என்விடியாவின் 470 வரிசை டிரைவர்தான் கடைசி. பதிப்பு எண் 471 முதல் 475 வரைக்குள் தொடங்கும். 2021 அக்டோபரில் அதற்கான வழக்கமான டிரைவர்கள் நின்று, 2024 செப்டம்பர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வந்தன. விண்டோஸ் 11-இல் இது ஒழுங்காக ஓடும். அண்ணாச்சியின் கார்டு 1287. டிரைவர் பக்கத்தில் ஜிடி 730, விண்டோஸ் 11 என்று கொடுத்துத் தேடியதும் 47-இல் தொடங்கும் பதிப்பு வந்தது. பழைய மிச்சத்தைத் துடைத்துவிட்டு அதைப் போட்டதும் இரண்டு மானிட்டரும் வந்துவிட்டன.

ஃபெர்மி என்றால் 2018-இல் வந்த 391.35 பதிப்போடு கதை முடிகிறது. விண்டோஸ் 10-க்கான 64 பிட் டிரைவரைத்தான் எடுக்க வேண்டும். விண்டோஸ் 11-இலும் அது பெரும்பாலும் ஏறிக்கொள்ளும். ஆனால் பாதுகாப்புத் திருத்தம் நின்று வருடக்கணக்காகிவிட்ட டிரைவரை, இணையத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில் வைத்து ஓட்டுவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. அதற்கு என்ன செய்யலாம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மற்ற கார்டுகளை வேகமாகப் பார்த்துவிடலாம். ஜிடிஎக்ஸ் 750, 900 வரிசை, ஜிடி 1030, ஜிடிஎக்ஸ் 1050 போன்றவற்றுக்கு 580 வரிசை வரை போடலாம். 2025 அக்டோபரோடு அவற்றுக்கு வழக்கமான டிரைவர் நின்றது, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். ஜிடிஎக்ஸ் 1650-உம் அதற்குப் பிந்தையவையும் இருந்தால் கவலையில்லை, புதியதையே போடுங்கள். ஏஎம்டியில் ஆர்7 240 போன்ற பழைய கார்டுகளை 2021 ஜூனில் பழையவை என்று ஒதுக்கிவிட்டார்கள், 22.6.1 பதிப்பு அவற்றுக்கானது.

பழைய டிரைவரைச் சுத்தமாக எடுப்பது

ஓஎஸ்ஸை மேம்படுத்தும்போது விண்டோஸ் பழைய டிரைவரையும் அதன் அமைப்புகளையும் தூக்கிக்கொண்டு வந்து புதிய வீட்டில் வைக்கப் பார்க்கும். பாதி வந்து பாதி விடுபட்டுப் போவதுதான் பல கோளாறுகளுக்கு வேர். அதன் மேலேயே புதியதைப் போட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும். அதனால் டிடியு என்று சுருக்கமாகச் சொல்லப்படும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் கருவியை வைத்து முழுவதும் துடைத்துவிடுவது நல்லது. இலவசக் கருவி. அதைச் செய்தவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

இந்த இடத்தில் வரிசை முக்கியம், நிதானமாகச் செய்யுங்கள். உங்கள் சிப்புக்குச் சரியான டிரைவரையும் டிடியுவையும் முதலிலேயே இறக்கி டெஸ்க்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து போகப்போகும் சேஃப் மோடில் (அத்தியாவசியமானவற்றை மட்டும் ஏற்றி விண்டோஸ் ஓடும் நிலை) பின் நம்பர் சில நேரம் வேலை செய்யாது. மைக்ரோசாப்ட் கணக்கின் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி வையுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆனில் இருக்கும் லேப்டாப் என்றால் அதன் ரெகவரி கீயையும் போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது தவறினால் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு ரீஸ்டோர் பாயிண்ட் உருவாக்குங்கள். அப்புறம் நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், வைஃபை என்றால் அணையுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். துடைத்து முடித்து ரீஸ்டார்ட் ஆனதும், டிரைவர் இல்லாத கார்டைப் பார்த்த விண்டோஸ் அப்டேட் தானாக ஒன்றை இறக்கிப் போட ஆரம்பித்துவிடும். நீங்கள் ஒரு பக்கம் போட, அது ஒரு பக்கம் போட, மறுபடி அதே குழப்பம்தான்.

இனி ஷிப்ட் கீயைப் பிடித்துக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் என்று போய் மறுபடி ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒரு பட்டியல் வரும். அதில் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு. அங்கே டிடியுவைத் திறந்து, வலது பக்கம் ஜிபியு என்றும் என்விடியா என்றும் தேர்ந்தெடுத்து, 'கிளீன் அண்டு ரீஸ்டார்ட்' கொடுங்கள். வேலை முடிந்ததும் அதுவே ரீஸ்டார்ட் ஆகும். திரை பெரிய எழுத்தில், குறைந்த ரெசல்யூஷனில் வரும். அப்படித்தான் வர வேண்டும். நெட் இல்லாமலேயே டிரைவரைப் போடுங்கள். நடுவில் திரை இரண்டொரு முறை கறுத்துத் திரும்பும், பயந்து பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள்.

நெட்டை மறுபடி கொடுப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி. ஸ்டார்ட் மெனுவில் 'சேஞ்ச் டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்' என்று தேடித் திறந்து, 'நோ' என்று கொடுத்துச் சேமியுங்கள். விண்டோஸ் அப்டேட் தானாக டிரைவர் போடுவதை இது பெரும்பாலும் நிறுத்தும். இது எல்லாச் சாதனங்களுக்கும் பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம்: பிறகு புதிய பிரிண்டரோ ஸ்கேனரோ மாட்டினால் அதன் டிரைவரை நீங்களே போட வேண்டியிருக்கும். புரோ பதிப்பு என்றால் குரூப் பாலிசியில், விண்டோஸ் அப்டேட்டோடு டிரைவரைச் சேர்க்காதே என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அது இன்னும் உறுதியானது.

திரையே வரவில்லை என்றால்

விண்டோஸ் 11-க்குத் தயார் செய்யும்போதே பயாஸில் கை வைத்தவர்களுக்கு இது வரும். பழைய முறையில் இருந்த ஹார்டு டிஸ்க்கை ஜிபிடி என்ற புதிய பகுப்பு முறைக்கு மாற்றி, பயாஸில் பழைய சாதனங்களுக்கு இடம் கொடுக்கும் சிஎஸ்எம் என்பதை அணைத்து, நம்பகமான மென்பொருளை மட்டும் கிளம்ப விடும் செக்யூர் பூட்டை ஆன் செய்கிறார்கள். அடுத்த முறை பவர் போட்டால் ஃபேன் சுற்றும், கீபோர்டு விளக்கு எரியும், மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்'. சில போர்டுகள் பீப் அடிக்கும்.

காரணம் இதுதான். விண்டோஸ் வருவதற்கு முன் திரையில் படம் காட்ட, கார்டுக்குள்ளேயே ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது. யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறைக்கு அதில் ஜிஓபி என்ற பகுதி வேண்டும். பல பழைய கார்டுகளில் அது கிடையாது. சிஎஸ்எம் ஆனில் இருக்கும்வரை மதர்போர்டு பழைய முறையில் பேசிச் சமாளித்தது. அதை அணைத்ததும் கார்டுக்கும் போர்டுக்கும் பேச்சே இல்லை. இதை எந்த விண்டோஸ் டிரைவராலும் சரிசெய்ய முடியாது. நாள் முழுவதும் டிரைவர் தேடிப் பயனில்லை.

கேபிளைக் கார்டிலிருந்து எடுத்து மதர்போர்டின் போர்ட்டில் மாட்டுங்கள். பிராசஸரிலேயே கிராபிக்ஸ் இருந்தால் படம் வரும். ஐ3 9100எஃப், ஐ5 10400எஃப் மாதிரி எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸரில் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, அதனால் அங்கே வராது. அப்போது பவர் கேபிளைப் பிடுங்கி, மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்துப் போட்டால் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும். பெரும்பாலான பழைய போர்டுகளில் அந்த நிலையில் சிஎஸ்எம் ஆனில் இருக்கும். உள்ளே போய் சிஎஸ்எம் ஆனில் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். செக்யூர் பூட் அணைந்துவிடும். விண்டோஸ் 11 அதனால் நின்றுவிடாது. போர்டுக்கு அந்த வசதி இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஆனால் வேலோரன்ட் மாதிரி சில விளையாட்டுகள் விண்டோஸ் 11-இல் செக்யூர் பூட் இல்லாமல் ஓடாது. வீட்டில் பிள்ளைகள் விளையாடும் கம்ப்யூட்டர் என்றால் கார்டை மாற்றுவதுதான் வழி.

லோகோ வந்து, விண்டோஸ் சுற்றும் புள்ளிகளும் வந்து, அதற்குப் பிறகு கறுப்பு என்றால் அது டிரைவர்தான். புள்ளிகள் சுற்றும்போது பவர் பட்டனைப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் விண்டோஸ் தானாகவே அந்த நீலத் திரைக்குப் போகும். அங்கிருந்து சேஃப் மோடு, பிறகு மேலே சொன்ன துடைக்கும் வேலை. இந்தப் பவர் பட்டன் வழியை வேறு வழி இல்லாதபோது மட்டும் செய்யுங்கள்.

எரர் கோடு 43

கார்டு தனக்கு ஏதோ கோளாறு என்று சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்தியிருக்கிறது என்பது இதன் பொருள். முதலில் துடைத்துப் போட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதிலேயே போய்விடும். போகாவிட்டால் கேபினெட்டைத் திறந்து, கார்டைக் கழற்றி, தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, ஸ்லாட்டில் கிளிக் சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். அச்சகப் பக்கம் பேப்பர் தூசி அதிகம். ஃபேனில் பஞ்சு மாதிரி அடைத்திருக்கும், அதையும் எடுத்துவிடுங்கள். அப்போதும் 43 என்றால், இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் அதே எண் வந்தால் மட்டும் கார்டைச் சந்தேகிக்கலாம்.

பழைய கார்டு வாங்கியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் காட்டும் போலிக் கார்டுகள் சந்தையில் சுற்றுகின்றன. உள்ளே இருப்பது ஜிடிஎஸ் 450 மாதிரி பழைய ஃபெர்மி சிப். மென்பொருளை மாற்றி எழுதிப் பெயரை மட்டும் மாற்றியிருப்பார்கள். பழைய டிரைவரில் எப்படியோ ஓடிக்கொண்டிருக்கும், ஓஎஸ் மாறிப் புதிய டிரைவர் ஏறியதும் சாயம் வெளுக்கும். ஜிபியு-இசட்டைத் திறந்தால் பெயருக்கு முன்னால் ஃபேக் என்று போட்டே காட்டிவிடும். பழைய கார்டுக்குப் பணம் கொடுக்கும் முன் கடையிலேயே இதை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

லேப்டாப்

லேப்டாப்பில் இன்டெல் அல்லது ஏஎம்டியின் உள் கிராபிக்ஸ் ஒன்று, என்விடியா ஒன்று என இரண்டு இருக்கும். பெரும்பாலான மாடல்களில் திரைக்குப் படம் அனுப்புவது உள் கிராபிக்ஸ்தான். அதன் டிரைவர் சரியில்லாமல் என்விடியாவை எத்தனை முறை போட்டாலும் பிரயோஜனம் இல்லை. லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து, முதலில் உள் கிராபிக்ஸ் டிரைவர், ரீஸ்டார்ட், பிறகு என்விடியா என்று போடுங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியவில்லை என்ற புகாரும் இதிலேயே தீரும்.

சரியானதும் பார்க்க வேண்டியவை

புதிய டிரைவர் ஏறியதும் ஸ்பீக்கரில் சத்தம் நின்றுவிட்டது என்று போன் வரும். டிரைவரோடு எச்டிஎம்ஐ ஆடியோவும் சேர்ந்து ஏறி, சத்தத்தை ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். கடிகாரத்துக்குப் பக்கத்திலுள்ள ஸ்பீக்கர் படத்தில் போய்ப் பழைய ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் போதும். என்விடியா கண்ட்ரோல் பேனல் காணவில்லை என்றால், மைக்ரோசாப்ட் ஸ்டோரில் அதே பெயரில் தேடி இறக்கிக்கொள்ளுங்கள்.

டிசைன் வேலை செய்பவர்களுக்கு இதைவிட முக்கியமானது கலர் புரொஃபைல். டிரைவர் மாறும்போது மானிட்டருக்கு ஒதுக்கிய புரொஃபைல் கழன்றுபோக வாய்ப்பு அதிகம். திரையில் பார்க்கும் சிவப்பு ஒன்று, பிளேட் போட்டு அச்சில் வருவது வேறு என்று ஆகிவிட்டால் பல ஆயிரம் காலண்டர் வீணாகும். 'கலர் மேனேஜ்மென்ட்' திறந்து, ஒவ்வொரு மானிட்டருக்கும் உரிய புரொஃபைல் இருக்கிறதா என்று பார்த்து, ஏற்கனவே அச்சாகிக் கையில் இருக்கும் ஒரு தாளைத் திரையோடு ஒப்பிட்ட பிறகே புதிய வேலையை அச்சுக்கு அனுப்புங்கள்.

இவ்வளவும் செய்து, கட்டாயம் முடிக்க வேண்டிய வேலை நடுவில் நிற்கிறது என்றால், பின்னால் போகவும் வழி உண்டு. மேம்படுத்திய 10 நாட்களுக்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி என்று போனால் 'கோ பேக்' இருக்கும். பழைய விண்டோஸ் 10 அப்படியே திரும்பிவிடும். அந்த நாட்களில் டிஸ்க் கிளீன்அப் ஓட்டி பழைய விண்டோஸ் ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள், அழித்தால் இந்த வழி மூடிவிடும். விண்டோஸ் 10-க்கு வீட்டு உபயோகக் கணக்குகளில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் பெறும் ஏற்பாடும் இருக்கிறது. சீசனை அதில் ஓட்டிவிட்டு, பொங்கல் கழித்து நிதானமாக மாறிக்கொள்ளலாம்.

கடைசியாக, ஃபெர்மி கார்டு வைத்திருப்பவர்களுக்கு. கேபினெட்டை அணைத்து, அந்தக் கார்டைக் கழற்றி எடுத்துவிட்டு, மானிட்டரை மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் மாட்டிப் பாருங்கள். எட்டாம் தலைமுறை ஐ5-க்குள் இருக்கும் யுஎச்டி 630 அந்தப் பழைய கார்டைவிட நவீனமானது. ஃபோர்கே வீடியோவைத் தானே பிரித்துக் காட்டும், எச்டிஎம்ஐயும் விஜிஏவும் உள்ள போர்டில் இரண்டு மானிட்டரையும் தாங்கும். கோரல்டிராவுக்கும் சாதாரண போட்டோஷாப் வேலைக்கும் அது போதும். ராம் 8 ஜிபி மட்டும் இருந்தால், கார்டுக்கு ஒதுக்கிய பணத்தில் இன்னொரு 8 ஜிபி ராம் வாங்கி மாட்டுங்கள். உள் கிராபிக்ஸ் ராமிலிருந்துதான் இடம் எடுத்துக்கொள்ளும், அதுவும் இரண்டு குச்சியாக இருந்தால் கூடுதல் வேகம் கிடைக்கும். கழற்றிய கார்டை மறுபடி எந்தக் கம்ப்யூட்டரிலும் மாட்டாமல் இ-வேஸ்ட் எடுப்பவர்களிடம் கொடுத்துவிடலாம்.